தோட்டாவும் அளவும்

துடியலூரில் எம் முன்னோர் இருந்த ஓட்டுவீட்டின் பரண்மேல் தேக்குமரப் பெட்டி யொன்று பல்லாண்டுகளாகக் கிடந்தது. சென்ற கோடை விடுமுறையில் ஓடு மாற்றும்பொருட்டுப் பரணை ஒழித்தகாலை அதனைக் கீழே இறக்கித் திறந்தோம். பித்தளையாலாகிய வெற்றுத் தோட்டாக்கள் இருபது, நீட்டவும் குறுக்கவும் கூடிய பிடியையுடைய சிறு முகவைக்குழல் ஒன்று, தட்டார் குறடு போன்றதொரு ஈயவார்ப்புக் கருவி, இரும்பு அச்சுக்கள் இரண்டு, உள்ளங்கையில் அடங்கும் தராசு ஒன்று ஆகியன பழந்துணியிற் சுற்றப்பெற்று உள்ளே இருந்தன. வெடிமருந்து ஒரு துகளும் இல்லை. எம் அப்பாருவின் தந்தையார் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்திற் கணக்கராய் இருந்தவர். அத்தோட்டத்துரை சீமைக்குத் திரும்பியபோது தம் துப்பாக்கியை விற்றுவிட்டு, விலைபோகாத இப்பெட்டியை அவரிடம் விட்டுச் சென்றனர் என்பது எம் வீட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அன்று மாலை, பன்னிமடைப் பக்கத்தே தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எம் தந்தையாரைக் காண வந்தார். பெட்டியிலுள்ள கருவிகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், "தம்பி, படித்த பிள்ளை நீதான் சொல்லவேண்டும். இதில் மருந்து கெட்டித்து ஒரு பன்றியையாவது அடக்க முடியுமா?" என்று வினவினார். அவர் விளையாட்டாகக் கேட்டாரல்லர். முதல் வாரத்தில்தான் அவருடைய சோளக்காட்டைக் காட்டுப்பன்றிகள் ஓரிரவிலே உழுது போட்டிருந்தன. எமக்கு அவ்வேளையில் விடை தோன்றவில்லை. அக்கருவிகள் யாவை, அவற்றை ஆண்டோர் என்ன செய்தனர், இன்று அவற்றால் ஆவது யாது என்பவற்றை ஆராய்ந்தறிந்து அம்முதியவர்க்கு ஒரு விடை பகரவேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தோட்டாவின் உறுப்புக்கள்

பழைய நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, அதன்மேல் தக்கையை வைத்துக் கெசக்கோலால் இடித்து, பின் ஈயக்குண்டை இட்டு மீட்டும் இடிப்பர். இதனையே நம் ஊரார் துப்பாக்கி கெட்டித்தல் என்பர். தோட்டா என்பது இச்செயல் முழுவதையும் முன்னரே முடித்து ஒரு சிறு கூட்டினுள் அடக்கி வைத்ததாகும். அதற்கு உறுப்புக்கள் நான்கு: பித்தளைக் கூடு, அடியிற் பதிந்த நெருப்புக் கேப்பு, நடுவில் நிறைந்த மருந்து, வாயிற் செருகிய குண்டு என்பன.

இந்நான்கனுள் முதலிற் கருதத்தக்கது கேப்பாம். அதனைத் தோற்றுவித்த பெருமை ஒரு கிறித்துவக் குருவைச் சாரும். ஸ்காட்லாந்து நாட்டில் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் சபைக்குருவாயிருந்த அலெக்சாந்தர் போர்சைத் என்பார் நீர்ப்பறவை வேட்டையில் விருப்புடையவர். அக்காலத்துத் துப்பாக்கியிற் சக்கிமுக்கிக் கல்லின் பொறி முதலில் வெளிக்கிண்ணத்து மருந்திற் பட்டுப் பளிச்சிடும். அவ்வொளியைக் கண்டு, குண்டு புறப்படுமுன்பே பறவைகள் பறந்துவிடும். இக்குறையை நீக்க எண்ணிய அக்குரு, அடித்த மாத்திரத்தே தீப்பற்றும் மருந்தைக் கொண்டு ஒரு பொறியமைத்து, 1807-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். பின்னாளில் வந்த கேப்புக்கள் யாவும் அவ்வழியிற் பிறந்தனவே.

அடுத்தது கூடு. முதற்கண் அது காகிதத்தால் ஆயது. போர்வீரன் காகிதத்தைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலிற் கொட்டுவான். அக்காகிதத்திற் பூசிய கொழுப்பைப் பற்றி எழுந்த ஐயம் 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று என்பதை நாம் வரலாற்றிற் பயின்றுள்ளோம். பிறகு வந்தது பித்தளைக் கூடு. பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் கோயமுத்தூரார்க்குப் பம்பின் தோல் வாசரைக் காட்டினால் இது எளிதில் விளங்கும். நீரின் அழுத்தம் பட்டவுடன் தோல் விரிந்து குழாயின் பக்கங்களை இறுகப் பற்றுவதால் நீர் கசிவதில்லை. அவ்வாறே மருந்து எரியும் நொடியிற் பித்தளை விரிந்து குழலின் அறையை இறுக அடைக்கின்றது. ஆதலின் அனல் பின்னோக்கிப் பாய்ந்து சுடுவோன் முகத்தைத் தாக்குவதில்லை. அழுத்தம் தணிந்ததும் சிறிதே சுருங்கி எளிதில் வெளிவருகின்றது.

சுடப்பட்ட பின்னும் கூடு கெடுவதில்லை என்பதே கைத்தோட்டா முறைக்கு அடிப்படை. குண்டு போயிற்று, மருந்து எரிந்தது, கேப்பு வெடித்தது. எஞ்சிய கூட்டில் ஏனைய மூன்றையும் புதிதாக இட்டால் தோட்டா மீண்டும் உயிர்பெறும். 1866-ஆம் ஆண்டையொட்டி இருவர் இருவகைக் கேப்புக்களை அமைத்தனர். ஆங்கிலேயராகிய பாக்ஸர் அமைத்ததிற் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியை உட்செலுத்தித் தள்ளினாற் பழைய கேப்பு விழுந்துவிடும். அமெரிக்கராகிய பெர்தான் அமைத்ததில் ஓரத்தே இரு துளைகள். கேப்பைக் கழற்றுதல் அரிது. வியப்பு என்னையெனின், ஆங்கிலேயர் அமைத்தது அமெரிக்காவிலும், அமெரிக்கர் அமைத்தது ஐரோப்பாவிலும் பெருவழக்காயின. அமெரிக்க வேடர் பலர் இன்றும் தம் வீட்டு மேசைமேல் தோட்டா அடைத்துக்கொள்வதற்கு அவ்வொற்றைத் துளையும் ஒரு காரணமாம்.

கைத்தோட்டா செய்யும் முறை

கடையில் வாங்கும் தோட்டா எல்லார்க்கும் பொதுவானது. கைத்தோட்டா ஒருவன் தன் துப்பாக்கி ஒன்றற்கே அளந்து செய்வது. ஆயத்த உடைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த உடைக்கும் உள்ள வேற்றுமையே இவ்விரண்டிற்கும் உள்ளது. செலவு குறைவதும் ஒரு பயனே. நீலகிரி, ஆனைமலை முதலிய இடங்களில் தோட்டத்துரைமார்க்குத் தோட்டாக்கள் கப்பலில் வரவேண்டியிருந்தமையாற் கையாற் செய்துகொள்ளுதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று.

செய்முறையைச் சுருங்கக் கூறுவாம். முதலிற் கூட்டைத் துடைத்து, வெயிலிற் பிடித்து, கழுத்தில் வெடிப்புண்டோ என்று நோக்குவர். மயிரிழையளவு வெடிப்பேனும் காணின் அதனை ஒதுக்குவர். பின்னர் எண்ணெய் தடவி இரும்பச்சினுள் அழுத்துவர். வெடித்தபோது விரிந்த கூடு அச்சினுட் பழைய வடிவம் பெறும். பழைய கேப்பும் அப்போதே நீங்கும். பலமுறை சுட்ட கூடு நீண்டுவிடுமாகலின், அளந்து பார்த்து மிகையை அரிவர். அதன்பின் புதுக் கேப்பைப் பதித்து, மருந்தை அளந்து வார்த்து, குண்டைச் செருகித் தோட்டாவின் முழுநீளத்தைச் சரிபார்ப்பர்.

இவற்றுள் உயிர்நிலை மருந்தை அளத்தலே. துப்பாக்கி மருந்தை அளக்கும் நிறைக்குக் கிரெயின் என்று பெயர். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் உண்டு. நம் தட்டார் பொன் நிறுக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் ஆகும். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் இந்நாட்டு மான் வேட்டைக்குப் பெயர்பெற்றிருந்த .450 எக்ஸ்பிரஸ் என்னும் துப்பாக்கிக்கு 120 கிரெயின் கருமருந்து இடுவது வழக்கம். அஃதாவது அறுபது குன்றிமணி. பெட்டியிலிருந்த முகவைக்குழலின் பிடியிற் கோடுகள் பொறித்திருந்தமையின் பொருள் இப்பொழுது எமக்கு விளங்கிற்று. பிடியை ஒவ்வொரு கோட்டிற்கும் இழுக்குந்தோறும் உள்ளறை சிறிது ஆழமாகும். அதனால் முகந்த மருந்தைத் தராசிலிட்டு ஒப்புநோக்குவர். பொன் நிறுப்போன் பிழைத்தாற் பொருளிழப்பான். மருந்து நிறுப்போன் பிழைத்தாற் கண்ணிழப்பான்.

அளவு தவறின்

மருந்து மிகின் குழலினுள் அழுத்தம் மிகும். கேப்பு தட்டையாக நசுங்குதலும், கூடு அறையினுள் இறுகி வெளிவர மறுத்தலும் அதன் முதல் அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாதவன் துப்பாக்கி ஒருநாட் கையிலேயே பிளக்கும். பேச்சில் ஈடுபட்டு ஒரே கூட்டில் இருமுறை மருந்து வார்த்துவிடுதலும் உண்டு. ஆதலின் தோட்டா அடைக்கும் மேசையருகே புகைபிடித்தலும் உரையாடலும் ஆகா என்று அக்கலை வல்லார் விதித்தனர்.

மருந்து குறையின் தீங்கில்லை என்று எண்ணுதல் பெரும் பிழை. வலிமை குன்றிய மருந்து குண்டைக் குழலின் நடுவிலேயே நிறுத்திவிடுதல் கூடும். அதனை அறியாது அடுத்த தோட்டாவைச் சுடுவானாயின், முன்சென்ற குண்டிற் பின்சென்றது மோதிக் குழல் வெடிக்கும். எனவே மிகையும் குறையும் ஒருங்கே கேடு பயக்கும் தொழில் இது.

மருந்தின் இனம் மாறினும் கேடே. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்தே நூற்றாண்டுகள் பலவாக வழங்கிற்று. 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பால் வியேய் என்பவர் புகையில்லா மருந்தை ஆக்கினார். 1889-இல் ஆபெல், தேவார் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் நூல்போல் இழுக்கப்படும் கார்டைட் என்னும் மருந்தைக் கண்டனர். அதனைச் செய்தற்கென்றே குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-ஆம் ஆண்டளவில் ஆலை ஒன்று நிறுவப்பெற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் சிறு இரயிலிற் செல்வோர் அப்பெயர்கொண்ட நிலையத்தை இன்றும் காணலாம். ஆலையும் இன்றுவரை அரசினர் உடைமையாய் இயங்கி வருகின்றது. புதுமருந்தின் ஆற்றல் பழையதினும் பன்மடங்கு மிக்கது. பழைய துப்பாக்கியிற் பழைய முகவையால் அதே அளவு புதுமருந்தை வார்த்தோர் தம் துப்பாக்கியையும் விரல்களையும் இழந்தனர். முகவை ஒன்றே, பொருள் வேறு. பொருளறியாது அளவை மட்டும் பற்றிக்கொள்வதும் அளவறியாமையின் பாற்படும் என்பது இதனாற் பெறப்படும்.

மானும் குண்டும்

இனிக் குண்டைப் பற்றிச் சிறிது நோக்குவாம். புறநானூற்றில் வல்வில் ஓரியின் அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கிற்று என்று வன்பரணர் பாடியுள்ளமை தமிழ் பயில்வார் அறிந்ததே. புலவர் அதனை வில்லாண்மைக்குப் புகழாக உரைத்தார். ஆயின் துப்பாக்கி வேடர் இவ்வாறு ஊடுருவிச் செல்லுதலைக் குறையாகவே கருதினர். கூரிய கடுங்குண்டு மானை ஊசிபோல் துளைத்து அப்பாற் சென்றுவிடுமாயின், மான் அவ்விடத்தே விழாது புதரினுள் ஓடி, நாட்கணக்கில் வருந்திச் சாகும். வேடனுக்கு இறைச்சியும் இல்லை. விலங்கிற்கு விரைந்த சாவும் இல்லை. ஆகவே நுனி மெலிந்து, உட்பட்டவுடன் விரிந்து, ஓரிடத்தே ஆற்றலனைத்தையும் செலவிடும் குண்டை அவர் தேடினர்.

கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையில் 1890-களிற் செய்யப்பெற்ற அத்தகைய விரிகுண்டு அவ்வூர்ப் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. மனிதனைக் கொடிதாய்ப் புண்படுத்தும் என்று கருதி, 1899-இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு அதனைப் போரில் விலக்கிற்று. ஆனால் இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டமோ, துப்பாக்கிக் குண்டால் மானைச் சுடுவோர் மென்னுனி அல்லது குழிநுனிக் குண்டையே ஆளவேண்டும் என்று விதிக்கின்றது. ஒரே பொருள் போர்க்களத்திற் கொடுமை என்றும், மான்காட்டில் இரக்கம் என்றும் கொள்ளப்படுதல் சிந்திக்கத்தக்கது. புண்பட்ட வீரன் பிழைக்க வேண்டும் என்பது முன்னதன் நோக்கம். புண்பட்ட மான் பிழைத்துத் துன்புறல் ஆகாது என்பது பின்னதன் நோக்கம். இரண்டிலும் ஆராயப்படுவது குண்டு தைத்த உயிர்க்கு அதன்பின் நேர்வது யாது என்பதே.

இவ்வாராய்ச்சி மானோடும் முடிவதில்லை. ஈயக்குண்டு உடலினுட் சிதறும். வேடன் விட்டுச்சென்ற குடலையும் எலும்பையும் தின்னும் பறவை அவ்வீயத்தையும் விழுங்கும். அமெரிக்காவின் காண்டர் என்னும் பெருங்கழுகினம் இவ்வாறு நஞ்சேறி அழிதலைக் கண்டு, கலிபோர்னியா நாட்டார் 2019 முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றும் விலக்கினர். இரண்டு குன்றிமணி ஈயம் எவ்வளவு தொலைவு செல்கின்றது என்பதை அளக்கப் புகுந்தால் முழக்கோல் போதாது.

வேட்டைக்கு வந்த வரையறை

நல்ல வேடன் தன் தோட்டாவை அளந்தான். ஆயினும் தான் கொல்லும் தொகையை அளந்தானில்லை. புகையில்லா மருந்தும் விரைகுண்டும் வந்தபின் இவ்விழுக்கு வெளிப்படையாயிற்று. படைவீரர் ஆண்ட .303 குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2,440 அடி செல்வது. ஒலி செல்வதோ நொடிக்கு 1,100 அடி அளவே. எனவே வெடியோசை செவியிற் படுமுன்னரே குண்டு மானிற் படும். கண்ணும் காதும் காலுமே படைக்கலனாகக் கொண்ட விலங்கிற்கு இப்போட்டியில் இடமே இல்லை.

நீலகிரியிற் கடமானும் வரையாடும் அருகுதலைக் கண்டு அஞ்சிய வேட்டைக்காரரே 1877-ஆம் ஆண்டிற் சங்கம் ஒன்று கூட்டினர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது. வேட்டைக்கு உரிமச்சீட்டும், சுடலாகாத பருவங்களும் அதனால் ஏற்பட்டன. நாட்டு விடுதலைக்குப் பின் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவாய் வந்தது. முதலில் அதுவும் சிலவகை விலங்குகட்கு உரிமச்சீட்டு வழங்க இடந்தந்தது. 1991-இல் வந்த திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. ஆக, மான் வேட்டை இந்நாட்டில் முற்றும் நின்றுவிட்டது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்தலும் தண்டனைக்குரியது. எம் பரண்மேற் பெட்டி இவ்வாறு பயனற்ற பழம்பொருளாயிற்று.

துடியலூரிலிருந்து மேற்கே கணுவாய், தடாகம் கடந்து மலையேறினால் ஆனைகட்டி. அங்கே 1990-ஆம் ஆண்டில் தோன்றிய பறவையாராய்ச்சி நிலையத்திற்குச் சாலிம் அலியின் பெயர் இடப்பெற்றுள்ளது. அப்பெரியார் சிறுவராயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருத்தலைக் கண்டு, இஃது எவ்வகைக் குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்குச் சென்றார். அவ்வொரு வினாவே அவரை வாழ்நாள் முழுதும் பறவைகளின் தோழராக்கிற்று. சுட்டபின் குனிந்து எடுத்துப் பார்த்தமையால் நேர்ந்த மாற்றம் அது.

இலக்கறியா வெடி

மருந்து கெட்டித்தல் இன்று எம் வட்டாரத்தில் அற்றுப்போயிற்றோ எனின், இல்லை. மலையடித் தோட்டங்களில் அவுட்டுக்காய் என்னும் பெயரால் அது வாழ்கின்றது. பழத்தினுள்ளோ மாவுருண்டையினுள்ளோ வெடிப்பொருளைப் பொதிந்து பன்றி வரும் வழியில் வைத்துவிடுவர். கடித்தவுடன் வெடிக்கும். இறைச்சி விற்போர் சிலரும், பயிரிழந்தோர் சிலரும் இதனைச் செய்கின்றனர்.

அதனைக் கடிப்பது பன்றியாகவே இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. மேய்ச்சல் மாடு கடித்து வாய் சிதறியதும் உண்டு. நாய் கவ்விச் சென்றதும் உண்டு. ஆனைகட்டி, தடாகம் பக்கங்களில் வாயும் நாவும் புண்ணாகி, உண்ணவும் பருகவும் இயலாது யானைகள் மெலிந்து விழுந்த செய்தியை நம் மாவட்டத்தார் பன்முறை கேட்டுள்ளனர். மலைக்கு அப்பால் மன்னார்க்காட்டுப் பக்கத்தில், சூல்கொண்ட பிடி ஒன்று இத்தகைய வெடியால் வாய் சிதைந்து, வெள்ளியாற்றின் நீரிலே துதிக்கையையும் வாயையும் அமிழ்த்தி நின்றபடியே 2020 மே 27-ஆம் நாள் இறந்தது. புண்ணின் எரிச்சலைத் தண்ணீராற் தணிக்க அது நின்ற காட்சி உலகோர் உள்ளத்தை உருக்கிற்று.

இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்குவாம். தோட்டா அடைத்தவன் ஒரு கூட்டில் வெடிப்பு உண்டோ என்று வெயிலிற் பிடித்துப் பார்த்தான்; மருந்தைக் குன்றிமணி அளவில் நிறுத்தான்; எவ்விலங்கு, எத்தொலைவு, எவ்விடத்தே படும் என்று கருதினான்; விசையை இழுக்கும்வரை அவன் கண் இலக்கை விட்டு அகலவில்லை. இழுக்காமலிருக்கவும் கடைசி நொடிவரை அவனால் முடிந்தது. அவுட்டுக்காய் வைத்தவனோ வைத்துவிட்டு வீட்டிற்குச் சென்று உறங்குகின்றான். கடிப்பது கன்றோ, யானையோ, விறகு பொறுக்கும் சிறுவன் கையோ அவன் அறியான். அவன் கொன்றது யாதென்று பார்க்கவும் அவன் இல்லை. இரண்டும் வெடியே, ஆயினும் முன்னதற்குப் பொறுப்பாளன் உண்டு, பின்னதற்கு இல்லை. அளவு என்பது தராசில் மட்டும் உள்ளதன்று. தன் செயலின் முடிவுவரை உடன்சென்று, இது என்னால் ஆயிற்று என்று ஏற்பதே அளவின் நிறைவாகும்.

முதியவர்க்கு விடை

அவுட்டுக்காயைக் கடிந்துவிட்டு அம்முதியவர் சோளத்தை மறந்துவிடுதல் நடுவுநிலை ஆகாது. நான்கு மாதம் நீர்பாய்ச்சிக் களைபறித்த பயிரை ஓரிரவில் இழந்தவர்க்கு மான் வேட்டையின் வரலாறு பசி தீர்க்காது. மலையடிக்கு அண்மையில் வீடுகளும் கல்லூரிகளும் பெருகப் பெருக, விலங்குக்கும் உழவர்க்கும் இடையிலிருந்த வெளி சுருங்கியது. நகரில் வாழும் நாம் யானைக்காக இரங்குகின்றோம். அவ்விரக்கத்தின் செலவை மலையடி உழவரே செலுத்துகின்றனர். இதனை உணராத அறவுரை வெற்றுத் தோட்டாவே.

2025 சனவரியில் தமிழ்நாட்டரசு இதற்கொரு வரையறை கண்டது. காப்புக்காட்டின் எல்லைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்றுமுதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தவற்றைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்து பயிரழிப்பவற்றை வனத்துறையினர் சுடலாம் என்பன அதன் கூறுகள். சுடுபவர் யார், எங்கே, எதனை என்பவை தெளிவாக்கப்பட்டமையால் இஃது அளவறிந்த செயல். எனினும் காட்டின் ஓரத்திலேயே தோட்டமுடையார்க்கு இதனாற் கிடைக்கும் துணை சிறிதே. அவர்க்கு வேண்டுவன காலந்தாழாத இழப்பீடும், ஊரார் பலர் கூடி அமைக்கும் வேலியும், இரவுக் காவலிற் பங்குகொள்ளும் இளைஞருமாம். இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதத் தெரியாமையாற் கைவிடும் உழவர் சிலரையேனும் நம் கல்லூரி மாணவர் அறிவர். விடுமுறையில் நான்கு பேர் சென்று எழுதிக் கொடுத்தல் அருமையான செயலன்று.

யாம் அம்முதியவர் தோட்டத்திற்குச் சென்று, "ஐயா, இக்கருவிகளாற் பன்றியை அடக்க முடியாது, சட்டமும் இடந்தராது" என்று கூறினோம். "அது எனக்கும் தெரியும், தம்பி; வயிற்றெரிச்சலிற் கேட்டேன்" என்றார் அவர். பின்னர் யாம் அவருடன் வயல் வரப்பில் அமர்ந்து, அழிந்த பயிரின் பரப்பைக் கயிற்றால் அளந்து, விண்ணப்பம் எழுதினோம். இருபது செண்டு என்று அவர் சொன்னது அளந்தபோது இருபத்திரண்டாயிற்று. "குறைத்தே எழுது, தம்பி, வந்து பார்ப்பவர் பொய் என்று எண்ணிவிடக் கூடாது" என்றார். யாம் இருபத்திரண்டு என்றே எழுதினோம், அளந்தது அதுவாகலின்.

கிறித்துவ மரபில் வேடர்க்குக் காவலராகப் போற்றப்படும் எஸ்தாக்கியார் என்னும் உரோமப் படைத்தலைவர் கதை நம்மில் பலர் அறிந்தது. அவர் ஒரு கலைமானைத் துரத்திச் சென்று வில்லை வளைத்தபோது, அதன் கொம்புகளின் நடுவே சிலுவை ஒளிர்ந்ததாம். அவர் வில் தாழ்ந்தது. வேடர்க்கு முன்மாதிரியாக ஆன்றோர் தேர்ந்தெடுத்தவர் எய்யாது நின்ற ஒருவர் என்பது நினைந்து மகிழத்தக்கது. அவர் நின்றதற்குக் காரணம் தாம் குறிவைத்த உயிரை நன்றாகப் பார்த்தமையே.

தேக்குமரப் பெட்டி மீண்டும் பரணேறிற்று. ஆயினும் அதிலிருந்த சிறு தராசை மட்டும் யாம் எடுத்து எம் படிப்பு மேசைமேல் வைத்துள்ளோம். அதன் தட்டுக்களுள் ஒன்றில் மருந்தின் கறை இன்னும் மங்கலாகத் தெரிகின்றது.